வருகைப் பதிவேட்டைத் தடுமாறாமல் வாசிப்பது எப்படி?

எல்லைப்புறப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டை ஒட்டிய சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று வரிசையாக ஊர்கள். அவற்றில் ஏதோ ஒன்றில் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இறங்கினால் காதில் விழுவது தமிழ், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பது மலையாளம். முதல் பாடவேளையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறீர்கள். நாச்சிமுத்து, சாகுல் ஹமீது, உண்ணிகிருஷ்ணன், சந்தியாகு, அஸ்வதி, மரியம்மா, சிஜி. போதாததற்கு, பட்டியல் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். எது குறில், எது நெடில் என்று தெரியாது. இரண்டாவது பெயரில் தடுமாறுவீர்கள், மூன்றாவதில் கடைசி பெஞ்சு சிரிக்கும்.

பெயர் அகராதி ஒன்று வாங்கலாம் என்று தோன்றும். நானும் சேர்ந்த புதிதில் கோயம்புத்தூர் போய் ஒன்று வாங்கினேன். அந்தப் புத்தகத்தில் பெண் என்றால் ‘அழகானவள்’, ஆண் என்றால் ‘வெற்றி பெறுபவன்’, இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால் ‘ஒளி’. எங்கள் பக்கத்துக்கு அது ஆகாது. ஒரு பெயர் எந்த மொழியில் பிறந்தது என்பதோடு, யார் யார் வாய் வழியாக இந்த வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது என்பதும் தெரிந்தால்தான் அதைச் சரியாகக் கூப்பிட முடியும். அதற்கு நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

முதல் படி: தலைப்பெழுத்தை நம்பாதீர்கள்

தமிழ்நாட்டில் தலைப்பெழுத்து என்றால் அப்பா பெயர். இங்கே முதல் எழுத்து பெரும்பாலும் வீட்டுப்பெயர், அதற்கு அடுத்ததுதான் அப்பா. பக்கத்தில் எலப்புள்ளியில் பிறந்த இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதனின் ‘எம்’ மனயங்கத்து என்ற வீட்டுப்பெயர், ‘எஸ்’ அப்பா சுப்பிரமணியன். வடவன்னூர்க் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி.ஆரின் ‘எம்’ மருதூர், ‘ஜி’ அப்பா கோபாலன். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர்களிடம் அந்த எழுத்து கிராமமாகிவிடும்: தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷனின் ‘டி’ திருநெல்லாயி, ‘என்’ நாராயண ஐயர். தெலுங்கு பேசும் வீடுகளில் முதலில் வருவது ‘இண்டி பேரு’ என்னும் குடும்பப் பெயர். முன்னாள் பிரதமர் பி.வி. நரசிம்ம ராவின் ‘பி’ பாமுலபர்த்தி என்னும் குடும்பப் பெயர்தான், அப்பாவைக் குறிப்பதன்று.

ஆகவே மாணவனிடம் ‘இந்த எழுத்து வீடா, ஊரா, அப்பாவா?’ என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. ‘பி’ என்பதைப் பார்த்து ‘பழனிச்சாமி’ என்று முன்னேற்ற அறிக்கையில் நானே எழுதிவிட்டேன். அது ‘புத்தன்வீட்டில்’. அவன் அப்பா கையெழுத்துப் போடாமல் அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது நியாயம்.

இரண்டாம் படி: மலையாள ஒலியைத் தமிழில் திருப்பிப் பாருங்கள்

இரண்டே இரண்டு மாற்றங்களை நினைவில் வைத்தால் பாதிப் பெயர்கள் பிடிபட்டுவிடும். தமிழில் ‘ஐ’ என்று முடிவது மலையாளத்தில் ‘அ’ என்று முடியும்: மலை, மல, சித்திரை, சித்திர. சங்ககாலத்துச் சேரரின் ‘கோதை’ பிற்காலச் சேரப் பெருமாள் ஒருவரிடம் ‘கோத ரவி’ ஆனது இப்படித்தான். நமக்குக் கோதை என்றால் ஆண்டாள்தான் நினைவுக்கு வருவாள். அந்தக் காலத்தில் அது அரசர்களின் பெயர்.

அடுத்தது, நம் ‘ஞ்ச’ அங்கே ‘ஞ்ஞ’. குஞ்சு என்பதே குஞ்ஞு. குஞ்ஞிராமன் சின்ன ராமன். குஞ்ஞிமுகம்மது சின்ன முகம்மது. பெயரின் வாலில் வரும் ‘மோன்’, ‘மோள்’ இரண்டும் மகன், மகள். ஷாஜிமோன் என்றால் ‘ஷாஜி மகனே’ என்று கொஞ்சுவது. கொஞ்சல் அப்படியே சான்றிதழில் ஏறிவிட்டது. ‘குட்டி’யும் அங்கே குழந்தை, மனிதக் குழந்தையையே சொல்லலாம்.

இனி வகுப்பு சிரித்த இடத்துக்கு வருவோம். மலையாளத்தில் ‘உண்ணி’ என்றால் சின்னக் குழந்தை. உண்ணிகிருஷ்ணன் பாலகிருஷ்ணனேதான். தமிழில் உண்ணி மாட்டின் காதில் ஒட்டியிருக்கும். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும், அதனால்தான் அந்தச் சிரிப்பு. முதல் நாளே இரண்டு பொருளையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் அந்தப் பையன் ஆண்டு முழுவதும் நிம்மதியாக இருப்பான்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனாரின் பெயர் கேரளத்தில் ‘சாத்தன்’ என்ற ஒலி மாறாமல் ஆட்பெயராக இருந்தது. அதே சொல் குறும்பு செய்யும் குட்டிச்சாத்தனுக்கும் பெயராகிவிட்டதால் இன்று யாரும் பிள்ளைக்கு வைக்கத் துணிவதில்லை. நமக்குத் தம்பி என்றால் இளையவன், தங்கச்சி என்றால் இளையவள். திருவிதாங்கூரில் அவை அரசரின் பிள்ளைகளுக்கும் பெருங்குடியினருக்கும் உரிய பட்டங்கள். வேலுத்தம்பி தளவாயின் ‘தம்பி’ உறவுப் பெயர் அன்று.

மூன்றாம் படி: வேடத்தைக் கலைத்துப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஓர் ஆண்டு என் வகுப்பில் சாக்கோ என்று ஒருவன், யாகூப் என்று ஒருவன். பள்ளிக் காவலாளி சந்தியாகு. மூவரும் ஒரே பெயர்க்காரர்கள் என்று சொன்னபோது மூவருமே நம்பவில்லை. மூலம் எபிரேயத்தில் ‘யாக்கோப்’. இரட்டையரில் இளையவனாக, அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்தவன் என்கிறது விவிலியக் கதை. பெயரிலேயே குதிகால் இருக்கிறது. அந்தப் பெயர் அரபியில் யாகூப் ஆயிற்று. கேரளத்துப் பழங்கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியான சுரியானி வழியாக வந்து சாக்கோ ஆயிற்று. மேற்கே போய் இலத்தீனில் யாக்கோபுஸ், ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கம் ‘இயாகோ’. முன்னால் புனிதர் என்று பொருள்படும் ‘சாந்த்’ ஒட்டிக்கொள்ள சாந்தியாகோ. போர்ச்சுக்கீசியர் காலத்தில் தமிழ்க் கடற்கரையில் இறங்கிச் சந்தியாகு. ஆங்கிலத்தின் ஜேம்ஸும் இதே கிளைதான்.

ஆக, ஒரு கிறிஸ்தவப் பெயரைப் பார்த்தால் அது சுரியானி வழியில் வந்ததா, போர்ச்சுக்கீசிய வழியில் வந்ததா, ஆங்கிலத்தில் வந்ததா என்று கேளுங்கள். சாக்கோ, வர்க்கி, மத்தாயி, குரியன், ஏலி என்றால் கேரளத்துச் சுரியானி வழி. சந்தியாகு, சூசை, அந்தோணி, சவரிமுத்து என்றால் தமிழ்க் கத்தோலிக்க வழி.

பொருளுக்கு வருவோம். வர்கீஸ், வர்க்கி எல்லாம் கிரேக்க ‘கியார்கியோஸ்’. மண்ணில் பாடுபடுபவர், அதாவது உழவர். வடகரப்பதியில் நிலக்கடலை போடும் வீட்டுப் பையனிடம் இதைச் சொன்னபோது, ‘அப்படியானால் எங்கள் ஊரில் எல்லோரும் வர்கீஸ்தான்’ என்றான். தோமா என்றால் அரமேயத்தில் இரட்டையர். பத்ரோஸ் பாறை. மத்தாயி கடவுளின் கொடை. குரியாக்கோஸ் ஆண்டவருக்கு உரியவன். சவரிமுத்துவின் வேர் இன்னும் வேடிக்கையானது. புனித சவேரியார் பிறந்த சேவியர் கோட்டையின் பெயர் பாஸ்க் மொழியில் ‘புது வீடு’ என்ற தொடரிலிருந்து வந்தது. நான் முன்னேற்ற அறிக்கையில் கோட்டைவிட்ட அதே ‘புத்தன்வீடு’!

மலையாளக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் ஒலியைக் காப்பாற்றினார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பல பெயர்களைப் பொருள் பார்த்து மொழிபெயர்த்தே விட்டார்கள். ‘பவுல்’ என்பதற்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருள். அங்கே பவுலோஸ், இங்கே சின்னப்பர். யோவான் என்றால் கடவுள் அருளுடையவர். அங்கே யோஹன்னான், இங்கே அருளப்பர். யோசேப்பு என்ற பெயரில் ‘பெருகச் செய்தல்’ என்ற பொருள் இருப்பதால் வீரமாமுனிவர் அவரை வளன் என்று அழைத்தார். சின்னப்பன் என்ற பெயரைப் பார்த்ததும் சிற்றப்பா என்று எண்ணிவிடாதீர்கள். கொங்கு வீடுகளில் அப்படியும் இருக்கலாம், தேவாலயத்துக்குப் போகும் வீடு என்றால் அவர் பவுல்.

பாலக்காட்டு ராவுத்தர் வீடுகள் தமிழ் பேசுபவை. அங்கே சாகுல் ஹமீது, நாகூர் மீரான் என்ற பெயர்கள் நாகூர் ஆண்டகையை நினைத்து வைத்தவை. மேற்கே மலப்புறம் பக்கம் போனால் முகம்மது மம்மது ஆகும், பாத்திமா பாத்தும்மா ஆகும், முகைதீன் மொய்து ஆகும். முகைதீன் என்றால் மார்க்கத்துக்கு உயிர் கொடுப்பவர். இதில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு: ‘அப்துல்’ என்று மட்டும் கூப்பிடுவது. ‘அப்து’ என்றால் அடியான்; ‘உல்’ என்பது அடுத்த சொல்லோடு சேர்க்கும் இணைப்பு. அப்துல் ரஹ்மான் என்றால் அளவற்ற அருளாளனின் அடியான். அப்துல் என்று நிறுத்தினால் யாருடைய அடியான் என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கும். சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். அப்துல்லா, யேசுதாஸ், சிவதாசன் மூன்றையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதினால் இலக்கணப் பாடமே நடத்தலாம்: மூன்றிலும் ஒருவன் தன் கடவுளுக்கு அடியான்.

நான்காம் படி: ஒரு கால் எங்கே போயிற்று என்று பாருங்கள்

ஆங்கிலப் பட்டியலில் மரியம்மாவும் மாரியம்மாவும் ஒரே எழுத்துகளில்தான் இருக்கும். முன்னவள் விவிலியத்து மரியாள். பின்னவள் மழைக்குரிய மாரி. தமிழில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம், ஆனால் அந்தக் காலைப் போட்டுக் கூப்பிட்டால் ஒரு வீட்டில் வருத்தம், போடாவிட்டால் இன்னொரு வீட்டில் வருத்தம். அன்னம்மாவும் இப்படித்தான். நமக்கு அன்னம் என்றால் சோறு, அன்னப்பறவை, அன்னபூரணி. கிறிஸ்தவ அன்னம்மா எபிரேய ‘ஹன்னா’. அருள் என்று பொருள். எழுத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. வீட்டைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: சில பொருள்களை வகுப்பில் சொல்லாதீர்கள்

பிச்சை, குப்பன், குப்பம்மாள் என்ற பெயர்கள் இப்போது மாணவர்களுக்கு அதிகம் இல்லை. தாத்தா பாட்டி பெயரை எழுதச் சொன்னால் வரும். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, வேறொருவர் எடுத்துத் தருவதுபோல வாங்கிக்கொண்டு அந்தப் பெயரை வைத்தார்கள். காலன் வந்தால் ‘இது யாருக்கும் வேண்டாத பிள்ளை’ என்று திரும்பிப் போகட்டும் என்ற நினைப்பு. தெலுங்கில் இதே காரணத்துக்காகப் பெண்டய்யா. மங்கோலியாவில் ‘பெயர் இல்லை’ என்று பொருள்படும் நெர்குய் என்றே பெயர் வைப்பார்கள். பழைய ரஷ்யாவில் ‘அழகில்லாதவன்’ என்ற பொருளில் நெக்ராஸ். ஊர் வேறு, மொழி வேறு, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் பயம் ஒன்றுதான்.

‘போதும்பொண்ணு’ வேறு வகை. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைத்த பெயர். அந்தப் பெயருடைய ஒரு பாட்டி எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்தார். பிள்ளைகள் அவரை ‘பொண்ணம்மா’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான் ஒரு விதியே போட்டேன். பொருள் சொல்லும் ஆசையில் ஒரு பிள்ளையின் பாட்டியை வகுப்பின் நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஆறாம் படி: பிறந்த நாளையும் ஆண்டையும் பாருங்கள்

பதிவேட்டில் பெயருக்கு அடுத்த கட்டத்தில் பிறந்த தேதி இருக்கும். அதுவும் பொருள் சொல்லும். கேரளத்தில் நட்சத்திரமே பெயராகும்: அஸ்வதி நம் அசுவினி, மகயிரம் நம் மிருகசீரிடம், அனிழம் நம் அனுஷம். திருவிதாங்கூர் அரசர்களைக்கூட அனிழம் திருநாள், சுவாதி திருநாள் என்று நட்சத்திரத்தை வைத்தே சொல்வார்கள். கானாவின் ஆக்கான் மக்கள் கிழமையை வைத்துப் பெயரிடுவார்கள். வெள்ளிக்கிழமைப் பையன் கோஃபி, சனிக்கிழமைப் பையன் குவாமே. கோஃபி அன்னான், குவாமே நிக்ருமா என்ற பெயர்களைப் பொது அறிவுப் பாடத்தில் நடத்தும்போது இதைச் சேர்த்துச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

நட்சத்திரத்தைப் பெயராக வைக்காமல், அதற்குரிய எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடுவது இன்னொரு வழக்கம். அசுவினிக்குச் சு, சே, சோ, லா; ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. இந்த எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் அகராதியில் இல்லாத பல பெயர்கள் பிறக்கின்றன.

அப்பா, தாத்தா பெயர்களில் அரசியல் ஆண்டு தெரியும். 1953 மார்ச் 1 அன்று பிறந்த மு.க. ஸ்டாலினுக்கு, நான்கு நாள் கழித்து இறந்த சோவியத் தலைவரின் பெயர் வந்தது; அந்தப் பெயரே ‘எஃகு’ என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து அவர் சூடிக்கொண்டது. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய சுவாமி வேதாசலம் தன் பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்து மொழிபெயர்த்தார்: வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள். மறைமலை அடிகள். அதன் பிறகு நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். தமிழ் இலக்கணத்தில் பகுபதம் நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஏழாம் படி: எழுத்துக்கூட்டலைப் பெற்றோர் முன்னால் முடித்துவிடுங்கள்

பெயரைப் பற்றி ஆலோசனை கேட்டுப் பெற்றோர் உங்களிடம் வருவார்கள். இங்கே ஆசிரியர்தான் பாதி எழுத்தர். அப்போது சொல்ல வேண்டியவை இவை.

பிறப்பைக் குழந்தை பிறந்த இடத்தில்தான் பதிவார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் பிரசவத்துக்குக் கோயம்புத்தூரோ பொள்ளாச்சியோ போகிறார்கள். அப்போது சான்றிதழ் தமிழ்நாட்டுடையது. பாலக்காட்டில் பிறந்தால் கேரளத்துடையது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று இருக்கலாம். குற்றம் ஒன்றும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதிந்துவிட்டுப் பின்னால் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இருபத்தெட்டாம் நாள் நூல்கட்டு வைத்துப் பெயர் சொல்லும் வீட்டார் இதைத் தெரிந்துகொள்ளாமல் அவசரத்தில் எதையோ எழுதிக்கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியிலும் மற்ற இடங்களிலும் வயதுக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்பதால் இனி அலைச்சல் கூடும்.

எழுத்துக்கூட்டலில் மூன்று பொறிகள். தமிழில் ஒரே ‘க’, மலையாளத்தில் நான்கு. தமிழ்ச் சான்றிதழில் உள்ள ‘கீதா’வை மலையாளத்தில் எழுதும் எழுத்தர் எந்தக் ககரத்தை வேண்டுமானாலும் போடலாம், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நம் ‘ழ’ மலையாளத்திலும் இருப்பதால் யாழினியை இங்கே யாரும் கொலை செய்வதில்லை. ஆங்கிலத்தில் இரண்டெழுத்தாக எழுதும்போதும் சரியாகவே வாசிப்பார்கள். அதே பிள்ளை மேற்படிப்புக்குத் திருப்பதிப் பக்கம் போனால் யாளினி, யாலினி என்று கேட்கத் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவது, ‘சந்தியா’ போன்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். எது முதலில் சான்றிதழில் ஏறுகிறதோ அதையே ஆதாரிலும் பள்ளிச் சேர்க்கையிலும் ஓர் எழுத்து மாறாமல் எழுதச் சொல்லுங்கள். என் மகளுக்கு நான் இதைச் செய்யவில்லை. ஓர் அலுவலகத்தில் கடைசி எழுத்து ஒன்று விடுபட்டது, அதைச் சேர்க்க ஒரு கோடை விடுமுறை முழுவதும் போயிற்று.

எட்டாம் படி: பொருளே இல்லாத பெயர்

பதிவேட்டின் கடைசியில் சிஜி இருந்தாள் அல்லவா? கேரளத்தில் சிஜு, ஷிபு, பைஜு, லிஜோ, ஜிஜி என்று இரண்டெழுத்துப் பெயர்கள் ஒரு காலத்தில் மழைக்காலத் தவளைபோல் பெருகின. சமஸ்கிருதம், எபிரேயம், அரபி எதைப் புரட்டினாலும் கிடைக்காது. வேர் தேடும் பழக்கத்தில் நானும் தேடினேன். தோற்றுப்போய் அவளிடமே, ‘வீட்டில் கேட்டு வா’ என்றேன்.

மறுநாள் வந்து, ‘மாஷே, அப்பா சிவதாசன், அம்மா ஜிஷா’ என்றாள். என் குறிப்பேட்டில் சிஜிக்கு எதிரே மொழி என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பொருள் என்ற கட்டத்தில் ‘அப்பாவும் அம்மாவும்’ என்று எழுதினேன்.